வரலையாம்

படம் தொடங்கிப் பதினெட்டாவது நிமிடத்தில் அந்தப் பெண் மூச்சை உள்ளே இழுப்பாள். மேசைமேல் எண்ணெய் விளக்கு. எதிரில் புருஷன். அவன் கையில் கப்பல் கம்பெனிக்காரன் கொடுத்த நோட்டீஸ். வெளியே அவர்களுடைய நிலம், அதை நிலம் என்று சொல்வதற்கே கூச்சமாக இருக்கும், அத்தனை கல். 'அமெரிக்காவுக்குப் போய்விடலாம், வருகிறாயா' என்று அவன் கேட்கிறான். ரொட்டிக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தவள் கட்டையைக் கீழே வைத்து, அவன் முகத்தைப் பார்க்காமல், சுருக்கென்று ஒரு மூச்சை இழுக்கிறாள். அவ்வளவுதான். அடுத்த காட்சியில் வண்டியில் பெட்டி ஏற்றுகிறார்கள். போன மாதம் வேறு எதையோ தேடப் போய், இந்தப் படம் என் போனில் வந்து நின்றது. தமிழில். வசனம் நான் எழுதியது, அந்தப் பெண்ணின் குரல் என் அண்ணியுடையது. பதினெட்டாவது நிமிடம் வரை பார்த்தேன். பிறகு அணைத்துவிட்டு அரிசி களையப் போனேன்.

பெரிய இடத்து வேலை என்று நினைத்துவிட வேண்டாம். வெளிநாட்டுப் படங்களை மூட்டையாக வாங்கி, எல்லா மொழியிலும் பேசவைத்து ஏற்றிவிடுகிற ஆன்லைன் கம்பெனி ஒன்று. சாலிகிராமத்துப் பெரிய ஸ்டுடியோக்கள் எடுத்தது போக மிச்சம் எங்களுக்கு வரும். எங்கள் ஸ்டுடியோ டோல்கேட்டில், செல்போன் கடைக்கு மாடியில். சுவரெல்லாம் பழைய மெத்தையைக் கிழித்து ஒட்டியிருக்கும். கீழே துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும், நிற்கிற லாரிக்காரன் சும்மா நிற்பானா, ஹாரனை அமுக்கிக்கொண்டே இருப்பான். அந்த ஹாரன் ஓய்ந்த இடைவெளியில்தான் எங்கள் ஊரில் ஸ்வீடன்காரர்கள் பேசினார்கள். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய கதை. விளைச்சல் இல்லை, பசி, ஊர்ப் பெரிய மனுஷர்களின் தொல்லை. ஒரு குடும்பம் இருக்கிற மாட்டையும் பாத்திரத்தையும் விற்றுவிட்டுக் கப்பலேறுகிறது. பத்து வாரம் கடலில். அதில் பாதிப்பேர் வாந்தி, கொஞ்சப்பேர் சாவு. மிச்சப்பேர் கரையிறங்கி மரம் வெட்டி வீடு கட்டி, ஊரை நினைத்து நினைத்து வயசாகிறார்கள். நிறையப் பேசாத படம். வசனம் எழுதுகிறவளுக்கு லாபம் என்று முதலில் சந்தோஷப்பட்டேன். பேசாத படத்தில்தான் தப்பு நடக்கும் என்று அப்போது எனக்கு யார் சொன்னார்கள்.

அண்ணியை இந்த வேலைக்குக் கொண்டுவந்தது நான்தான். ராயபுரத்துக்காரி. அவள் அப்பா படகில் போனவர், அம்மா மீன் கூடை. காசிமேட்டு ஏலத்தில் இரண்டு படகு தள்ளி நிற்கிறவளைத் தன் பக்கம் திருப்பிவிடுகிற தொண்டை அண்ணிக்கு. முதலில் கும்பல் குரலுக்குக் கூப்பிட்டுப் போனேன். படத்தில் சந்தைக்கடை வந்தால், குழாயடிச் சண்டை வந்தால், சாவு வீடு வந்தால் நாலு பெண்கள் சேர்ந்து கத்த வேண்டும். அண்ணி ஒருத்தியே நாலு பேர். சும்மா சொல்லக்கூடாது, சாவு வீட்டுக் காட்சியில் அவள் ஒப்பாரி வைத்தால் சவுண்டு இன்ஜினியர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். தேர்தல் வந்தால் ஆட்டோவில் அவள் குரல்தான். இரண்டு கட்சிக்கும் பேசுவாள். "நமக்கு இன்னா பாப்பா, எழுதிக் குட்த்தா பேசப்போறோம்" என்பாள். வீட்டில் எனக்குப் பெயர் பாப்பா. முப்பத்தெட்டு வயசிலும் பாப்பாதான்.

ஸ்வீடன் படத்தில் கதாநாயகிக்குப் பேச வேண்டிய பெண் இரண்டு நாள் வந்து மூன்றாம் நாள் வரவில்லை. அண்ணியை மைக் முன்னால் நிறுத்தினோம். அவளுக்கு இன்னா என்பது என்ன ஆக வேண்டும், கீது என்பது இருக்கிறது ஆக வேண்டும், வூடு வீடாக வேண்டும். ஒரு முழுப்படத்துக்கும் அவள் வாயைச் சீப்பு போட்டு வாரினேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "அந்தம்மா மட்டும் ஊர வுட்டு வேற பாசைக்கா போவுது, நானுந்தான் போறேன்" என்று சிரித்தாள். கப்பலில் எல்லோரும் வாந்தியெடுக்கிற காட்சியில் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அய்ய, இத்தினியூண்டு அலைக்கா?" அந்தப் பெண் ரொட்டி தேய்க்கிற கட்டையில் சுற்றிலும் முள் முள்ளாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு அண்ணி அரைமணி நேரம் அதைப் பற்றியே பேசினாள், அதில் சப்பாத்தி போட்டால் எப்படி வரும் என்று.

அந்தப் பதினெட்டாவது நிமிடத்துக்கு வந்தோம். எனக்கு வந்த ஆங்கிலத் தாளில் அந்த இடத்தில் வசனம் இல்லை. மூச்சை இழுக்கிறாள் என்று மட்டும் போட்டிருந்தது. ஸ்வீடன் பாஷை தெரிந்தவர் டோல்கேட்டில் யார் இருக்கிறார்கள். நானே யோசித்து 'ப்ச்' என்று எழுதினேன். நம் ஊரில் ப்ச் என்றால் போதும், வேண்டாம், விடு, என் தலையெழுத்து எல்லாம் அதில் அடங்கிவிடும். அண்ணி ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்தினாள். இன்ஜினியரை மறுபடி ஓட்டச் சொன்னாள். இன்னொரு தடவை. "பாப்பா, இது ப்ச் இல்ல. இவ சரின்றா." எப்படித் தெரியும் என்று கேட்டேன். "கட்டைய வெச்ச வெப்பப் பாரு. மாட்டேன்றவ டொக்குனு வெப்பா. இவ சத்தமே இல்லாம வெக்கிறா. சரின்ட்டா." எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எத்தனை படம் எழுதியிருக்கிறேன், இவள் கும்பலில் கத்தியவள். எந்தப் பெண்ணாவது பிறந்த ஊரை விட்டுச் சந்தோஷமாகப் போவாளா, எழுதியிருப்பதைப் பேசு அண்ணி என்றேன். "சரிம்மா டயலாக் ரைட்டரு" என்று சொல்லிவிட்டு, ப்ச் என்று ஒரே தடவையில் பேசிக் கொடுத்தாள். நன்றாக வந்திருந்தது. கேட்டால் யாருக்கும் அந்தப் பெண்மேல் பாவமாக இருக்கும்.

எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லாமல் மேலே சொன்னால் புரியாது. திருவொற்றியூரில் ரயில் பாதைக்குக் கிழக்கே ஒரு கூடம், ஒரு அறை, சமையல்கட்டு. கூடத்தில் கட்டிலோடு அப்பா. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மறுவருஷம் பக்கவாதம் வந்து, இடது பக்கம் போய், பேச்சும் பாதி போய்விட்டது. அவரைத் தூக்கி உட்கார வைப்பது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் அண்ணி. நாங்கள் ஸ்டுடியோவுக்குப் போகிற பகலில் மட்டும் பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்துக்கொள்வார். நான் இருக்கிற அன்று ஒரு கை பிடிப்பேன், உண்மையைச் சொன்னால் அதுவும் முகத்தைச் சுளித்துக்கொண்டு. அண்ணன் வெல்டர். எண்ணூர்ப் பக்கம் பாய்லர் செய்கிற இடத்தில் ஒப்பந்த வேலை. மாலையில் சிவந்த கண்ணோடு வந்து உட்கார்ந்தால் வாயைத் திறக்க மாட்டார். இரண்டு பேரும் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டவர்கள்தான், குழந்தை இல்லை. கல்யாணமான புதிதில் மாமனார் எதிரில் புருஷனிடம் நேராகப் பேச அண்ணிக்கு வெட்கம். "உங்கண்ணன சாப்பிட வரச்சொல்லு பாப்பா" என்பாள், அண்ணன் மூன்றடி தூரத்தில் இருப்பார். "லைட்ட நிறுத்தச் சொல்லு பாப்பா" என்பார் அவர், ஸ்விட்ச் அண்ணி கைக்குப் பக்கத்தில் இருக்கும். வெட்கம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. பத்து வருஷமாக அந்த வீட்டில் முக்கியமான எதுவும் என் வழியாகத்தான் போயிற்று, என் வழியாகத்தான் வந்தது. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட. வசனம் எழுதுகிற தொழிலை நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன் என்று வேடிக்கையாகச் சொல்வேன்.

அந்த வருஷம் அண்ணனுக்கு ஒப்பந்தம் முடிந்து வேலை நின்றது. மூன்று மாதம் வீட்டில் இருந்தார். அப்புறம் கூட வேலை பார்த்த ஒருவர் மூலமாக நியூசிலாந்தில் வெல்டர் வேலை வந்தது. பெண்டாட்டியையும் கூடவே கூட்டிப் போகலாம், அங்கேயே இருந்துவிடலாம் என்றார்கள். வீடே திடீரென்று வேறு மாதிரி ஆகிவிட்டது. அண்ணன் சவரம் செய்துகொண்டார். நான் "ஆடு மேய்க்கவா போற" என்று கிண்டல் பண்ணினேன், அதற்கும் சிரித்தார். ஆனால் கூடத்தில் உட்கார்ந்து அப்பாவைப் பார்த்து, "இவரை யார் பாக்கறது" என்று ஒரு நாள் சொன்னார். யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானே சொன்னார். அண்ணி சமையல்கட்டில் இருந்தாள். கேட்டிருப்பாள். அதற்கப்புறம் அதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு வியாழக்கிழமை காலையில் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "விசா ஃபார்ம்ல அவ பேர எழுதணுமா வேணாவான்னு நாளைக்குள்ள சொல்லணும் பாப்பா. நீ கேட்டுச் சொல்லு. நான் கேட்டா எனக்காக வரேன்னுடுவா. அவ மனசுல இன்னா கீதுன்னு தெரியணும்" என்றார். பாருங்கள், நல்ல எண்ணத்தில்தான் கேட்டார்.

அன்று மாலை நானும் அண்ணியும் ஸ்டுடியோவிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்தோம். முன்னால் லாரி, பின்னால் லாரி, ஆட்டோ நகரவே இல்லை. அண்ணி ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் காதுக்குப் பக்கத்தில் போய், "அண்ணி, அண்ணன் கேக்கச் சொல்லுச்சு. நீ கூடப் போறியா?" என்றேன். அண்ணன் கேட்கச் சொன்னார் என்று நான் சொன்னது அந்த ஹாரனில் அவளுக்குக் கேட்டதா என்று நான் பார்க்கவில்லை. கேட்கவில்லை என்றுதான் பிறகு தெரிந்தது. அவள் என் பக்கம் திரும்பவில்லை. வெளியே பார்த்தபடி மூச்சை ஒரு இழுப்பு இழுத்தாள். சின்ன மூச்சு. கொஞ்சநேரம் கழித்து, லாரி நகர்ந்து ஆட்டோ கிளம்பிய பிறகு, "அங்க மீனு கெடைக்குமா பாப்பா?" என்று கேட்டாள். கிடைக்காமலா, தீவுதானே என்றேன். அதற்கப்புறம் காய்கறி பற்றி ஏதோ பேசிக்கொண்டு வந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் என்னைப் பார்த்தார். நான், "வரலையாம்" என்றேன்.

அந்த ஒரு சொல்லை அதற்கப்புறம் நான் எத்தனையோ நாள் பிரித்துப் பார்த்திருக்கிறேன், தொழில் அப்படி. 'வரலை போல' என்று சொல்லியிருக்கலாம். 'தெரியலை, ஒண்ணும் சொல்லலை' என்று சொல்லியிருக்கலாம், அதுதான் நிஜம். வரலையாம் என்றால் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கிற அந்த 'ஆம்' அவளே தன் வாயால் சொன்னாள் என்று சாட்சி சொல்லிவிடுகிறது. எழுத்துத் தமிழில் ஆம் என்றால் சம்மதம், அது வேறு கதை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், மூச்சைத் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம். சொல்லியும் பார்த்தேன். ஆனால் வராதவள் எதற்கு மீன் கிடைக்குமா என்று கேட்கிறாள்? அது எனக்கு அந்த ஆட்டோவிலேயே தெரியும். அண்ணனிடம் மீனைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பயம். அண்ணி போய்விட்டால் அப்பா என் தலையில். எனக்கு அப்போது கல்யாணம் என்று ஒன்று நடந்து, இரண்டு வருஷத்தில் முடிந்து, திரும்பி வந்து, இந்த வசன வேலை ஒன்றுதான் சொந்தம் என்று இருந்தது. அதையும் விட்டுவிட்டு அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டி வரும் என்று பயந்தேன். அண்ணன், "சரி" என்றார். மறுநாள் ஃபார்ம் அவர் பெயர் மட்டும் எழுதிப் போயிற்று. எனக்கு அன்று நன்றாகத் தூக்கம் வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு மாதம் போயிருக்கும். விசா வந்து, டிக்கெட்டும் எடுத்தாயிற்று. அப்போது படக் கம்பெனியிலிருந்து திருத்தம் வந்தது. வழக்கமாக வரும், இங்கே உதடு சேரவில்லை, அங்கே பெயர் தப்பு என்று. கடைசியில் ஒரு வரி: பதினெட்டாவது நிமிடத்தில் அந்தப் பெண் மறுக்கவில்லை. அந்த நாட்டின் வடக்குப் பக்கத்தில் மூச்சை உள்ளே இழுத்தாலே ஆமாம் என்று அர்த்தம். மாற்றி அனுப்பவும். படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். இன்ஜினியர் டீ சொல்லட்டுமா என்று கேட்டார். சொல்லுங்கள் என்றேன். அழுகை வருகிறதா என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்குமே, அப்படி இருந்தது. அது அதற்கப்புறமும் முழுக்க விட்டுப் போகவில்லை.

அண்ணியைக் கூப்பிட்டோம். "நான் அன்னிக்கே சொல்லல?" என்று இன்ஜினியரைப் பார்த்துச் சிரித்தாள், என்னைப் பார்த்தும் சிரித்தாள். வரேன் என்று எழுதிக் கொடுத்தேன். பொருந்தவில்லை. வரேனுக்கு உதடு பல்லைத் தொட வேண்டும், திரையில் அந்தப் பெண்ணின் வாய் திறந்தபடியே நிற்கிறது. 'ம்' என்றால் வாய் மூட வேண்டும். 'சரி' நீளவில்லை. ஆறேழு தடவை ஆயிற்று. அண்ணி, "பாப்பா, ஆங்னு சொல்லட்டா?" என்றாள். எங்கள் பக்கத்து ஆங். ஆமாம் என்பதற்கு ராயபுரத்தில் வேறு சொல் கிடையாது. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே, ஆங் என்றாள். பொருந்திவிட்டது, அவள் வாயிலேயே பிறந்த மாதிரி. படம் முழுக்க அவளிடமிருந்து நான் வாரி எடுத்துப்போட்ட மெட்ராஸ் பாஷையில் அந்த ஒரு சொல்தான் உள்ளே போயிற்று. ஸ்வீடன்காரன் 'வருகிறாயா' என்று கேட்கிறான், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் அண்ணி திரையையே பார்த்துக்கொண்டு ஆங் என்கிறாள். அவள் முகத்தைப் பார்த்தேன். நடிப்பு மாதிரி இல்லை. வெளியே வந்து, "இன்னா அப்டிப் பாக்குற, நல்லா வர்லியா?" என்றாள். "நல்லா வந்துச்சு அண்ணி" என்றேன். அண்ணன் கிளம்ப இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. பன்னிரண்டு நாளும் வீட்டில் மூன்று பேரும் இருந்தோம். நான் சொல்லவில்லை.

அண்ணனுக்கு ராத்திரி விமானம், அந்த நேரத்தில் அப்பாவைத் தனியாக விட முடியாது என்று அண்ணி விமான நிலையத்துக்கு வரவில்லை. வாசல் வரை வந்தாள். அண்ணன் காரில் ஏறுவதற்கு முன் அவளைப் பார்த்தார், அவள் அவரைப் பார்த்தாள். யாராவது ஒருவர் வாயைத் திறந்திருந்தால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும். நான் நடுவில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "மருந்து நேரத்துக்குக் குடுக்கச் சொல்லு பாப்பா" என்றார் அண்ணன். "ஒடம்ப பாத்துக்கச் சொல்லு" என்றாள் அண்ணி. கார் போய்விட்டது.

அப்புறம் ஐந்து வருஷம். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். முதலில் என்னிடம் பேசுவார், பிறகு அண்ணியிடம் கொடுக்கச் சொல்வார். மாத்திரை, அப்பாவின் முதுகுப் புண், கரண்ட், மழை. கூப்பிட்டும் வராதவளை எப்படித் திரும்பக் கூப்பிடுவது என்று அவர் அங்கே. கூப்பிடாத இடத்துக்கு எப்படிப் போவது என்று அவள் இங்கே. புருஷன் பெண்டாட்டி ஒரு வார்த்தை நேராகக் கேட்டிருக்க மாட்டார்களா என்று கேட்பவர்கள் எங்கள் வீட்டைப் பார்க்காதவர்கள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அண்ணி போனை வைத்துவிட்டு என்னிடம் கேட்டாள். "அந்த ஃபார்ம்ல என் பேர போடணும்னு உங்கண்ணன் ஒருக்காவாச்சும் நெனச்சாரா பாப்பா?" ஷேர் ஆட்டோவில் நான் கேட்டதை, நாத்தனார் வாய் சும்மா இல்லாமல் கேட்டதாகத்தான் அவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு அப்போதுதான் அது விளங்கிற்று. "தெரியலையே அண்ணி" என்றேன். அவள் எழுந்து அப்பாவுக்குக் கஞ்சி கரைக்கப் போனாள். முதல் பொய்யைப் பயத்தில் சொன்னேன் என்றாவது சொல்லலாம். இதற்குப் பெயர் என்னவென்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது அண்ணி ராயபுரத்தில் இருக்கிறாள். தனியாக ஒரு அறை, அவள் பிறந்த தெருவுக்குப் பின்தெரு. எங்கள் வீட்டிலிருந்து மெட்ரோவில் ஏறினால் கால்மணி நேரம்கூட ஆகாது. துறைமுகப் பக்கத்துப் பெண்களுக்குக் கடிதம், விண்ணப்பம் படித்துச் சொல்கிறாளாம், ஒரு பள்ளிக்கூடத்தில் சமைக்கிறாளாம், டப்பிங்குக்கு வருவதில்லை. அண்ணன் இன்னும் அங்கேதான். நான் திருவொற்றியூரில் அதே கூடத்தில், அப்பாவின் கட்டிலை எடுத்த இடத்தில் மேசை போட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். வேலை நன்றாகவே போகிறது. இரண்டு தடவை ராயபுரம் போனேன். வா என்றாள், சாப்பிடு என்றாள், மீன் குழம்பு ஊற்றினாள். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. மூன்றாவது தடவை போக எனக்குத்தான் கால் வரவில்லை.

அப்பா போனது போன வருஷத்துக்கு முந்தின வருஷம். அண்ணன் வந்தார். முடியெல்லாம் நரைத்து, உடம்பு போட்டு, யாரோ மாதிரி இருந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிவிட்டார்கள். கூடத்தில் நாங்கள் மூன்று பேர். இரண்டு நாளில் அவருக்கு விமானம். நடுவில் அப்பா இல்லை, அதனாலோ என்னவோ, அண்ணன் முதல் தடவையாக என்னைத் தாண்டி நேராக அண்ணியைப் பார்த்துக் கேட்டார்.

"இப்பவாச்சும் வரியா?"

அண்ணி வாழை இலைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "இப்பவாச்சும்னா?" என்றாள்.

"அப்பதான் வரலைன்னுட்டியே. ஃபார்ம் குடுக்கறதுக்கு மொத நாளு. பாப்பா வந்து சொல்லுச்சே."

அண்ணி என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரமெல்லாம் இல்லை. நான் அவளைப் பார்க்கவில்லை, அவள் பார்க்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது. அவள் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், எனக்கு அண்ணன் இல்லை, இந்த வீடு இல்லை. சொல்லட்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். சொல்லிவிட்டால் பரவாயில்லை என்றுகூட இருந்தது.

"ஆங்," என்றாள் அண்ணி. "வரலைன்னுதான் சொன்னேன். இப்பவும் வரல."

அண்ணன் தலையை ஆட்டினார். சட்டையை மாட்டிக்கொண்டு தெருப் பக்கம் போனார்.

நான் அவள் பின்னாலேயே சமையல்கட்டுக்குப் போனேன். அண்டாவைச் சாய்த்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி, எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். தெரிந்துவிட்டிருக்கும், தெரிந்தும் இத்தனை நாள் பொறுத்திருக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பதில் எனக்கு ஒரு ஆறுதல்.

"இப்பதான்," என்றாள். கை நிற்கவில்லை. "அவரு சொன்னாரே, அப்பதான் தெரியும். அஞ்சு வருசம் பாப்பா. அந்த மனுசன் என்னை வேணாம்னு வுட்டுட்டுப் போய்ட்டாருன்னு நெனச்சிக்கினு, அவங்கப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கினு இருந்தேன்."

"அப்புறம் ஏன் அண்ணி அவர்கிட்ட சொல்லல? நான்தான்னு சொல்லியிருக்கலாமே."

"ஒரே வூட்ல, ஒரே பாய்ல படுத்துக்கினு, என்னைக் கேக்காம உன்னைக் கேட்டாரு. உன்னை மட்டும் சொல்லி இன்னா பண்றது." அண்டாவைக் கவிழ்த்தாள். கையை உதறினாள். "நீ எழுதுன, நான் பேசிட்டேன். அதான என் வேல."

பிறகு, "கொஞ்சம் தள்ளு, தண்ணி தெறிக்கும்" என்றாள். தள்ளி நின்றேன்.